காதில் விழ ஒரு ஜெபம்

ஜூன் 4, செவ்வாய்

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் எங்கள் தையல் கடைக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எல்லோருக்கும் பேண்ட் நீளம் குறைக்க வேண்டும். வாங்கும்போது காலோடு வைத்துப் பார்த்தால்தான் என்ன? நாள் முழுக்க முட்டி போட்டு, முன்பின் தெரியாதவர்களின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி இருக்கிறவரை நான் தங்கமான பொம்பளை. கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் குட்டியின் ஈரத்துண்டு. குட்டி என் வீட்டுக்காரருடைய தங்கை. வயது நாற்பத்து நாலு ஆகிறது, இவர் வைத்த பெயர் இன்னும் மாறவில்லை. குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள் என்று ஜனவரியில் எங்களோடு வந்து இருக்கிறாள். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அடக்கி வைப்பவளுக்குத் தன் துண்டை அடக்கத் தெரியவில்லை.

மாலை ஜெபத்தில் இன்று என் முறை. "ஆண்டவரே, பிறர் உட்காரும் நாற்காலியில் ஈரத்துண்டைப் போடாத நல்ல புத்தியை எங்கள் எல்லாருக்கும் தந்தருளும்" என்றேன். குட்டி கணீரென்று "ஆமென்" என்றாள். இவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஜூன் 5, புதன்

துண்டு அங்கேயேதான் இருக்கிறது.

ஜூன் 8, சனி

இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அல்லவா, இன்று சாப்பிடும்போது ஆரம்பித்தார். "என் வண்டில எனக்குன்னு தனியா ஒரு பிரேக் இருக்கு. ஓட்டறவன் சுவத்துல ஏத்தப் போறான்னா நானே அமுக்கிடுவேன். உன் வாய்க்கு அப்படி ஒண்ணு யாருமே வெக்கலையே!" குட்டி தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் என் பிழைப்பு இப்படித்தான்.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. என் வாய் என் கையில் இருந்ததே கிடையாது. ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் இனி வாயை அடக்குவேன் என்று கண்ணீரோடு பொருத்தனை பண்ணுவேன். வீட்டுக்குத் திரும்பி வந்து கார் கதவைச் சாத்துவதற்குள் யாரையாவது ஒன்று சொல்லியிருப்பேன். உபவாசம் இருந்து பார்த்தேன். பசியில் இன்னும் மோசமாயிற்று.

இப்போதெல்லாம் கத்துவதில்லை. எதுவாக இருந்தாலும் ஜெபத்தில் சொல்லிவிடுகிறேன். அது முன்னேற்றம்தானே?

குட்டி படுக்கப் போகும் முன் என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். கேட்கவில்லை, தானாகவே வந்தாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க அண்ணி" என்றாள். முட்டிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? பழக்கதோஷம். ரொம்ப நேரம் சிரித்தோம்.

ஜூன் 13, வியாழன்

என் துணி வெட்டும் கத்தரியை எடுத்து அட்டைப்பெட்டியை வெட்டியிருக்கிறாள். அட்டைப்பெட்டியை! முனை மழுங்கிப் போயிற்று. தையல் தெரிந்த யாரிடம் சொன்னாலும் நெஞ்சில் கை வைப்பார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபம் வரும்வரை காத்திருந்தேன். இவர் வேதம் வாசித்து முடித்ததும், முறை அவருடையதாக இருந்தும், "நான் பண்றேன்" என்று முந்திக்கொண்டேன். குரலை மெத்தென்று வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் குட்டிக்கும் சொந்தமாக ஒரு வீடுவாசல் சீக்கிரம் அமையட்டும். எத்தனை நாளைக்குத்தான் அவள் பிறர் வீட்டில் இருப்பாள்" என்றேன்.

இவர் மட்டும் தாமதமாக ஆமென் சொன்னார். குட்டி சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள்.

ஜூன் 14, வெள்ளி

துண்டு கொடியில் தொங்குகிறது, மடிப்புக் கலையாமல். நாற்காலி காலியாக இருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டியவள் நான்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இவர் சொன்னார். குட்டி கிளினிக் பக்கத்தில் அறை பார்த்திருக்கிறாளாம், குடிவருவதாகச் சொல்லியும் விட்டாளாம்.

"நான் நல்லதுக்குத்தாங்க ஜெபிச்சேன்" என்றேன்.

"என்கிட்டயுமா இதைச் சொல்ற?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நல்லதுக்குத்தான் — இல்லை. என்ன நல்லதுக்கு? போன்னு சொன்னேன். மூஞ்சியப் பாத்துச் சொல்லத் துணிச்சலில்லாம ஆண்டவரைக் கூப்பிட்டு அவர் வாயால சொல்ல வெச்சேன். கத்தியிருந்தாலாவது அவ திருப்பிக் கத்தியிருப்பா. கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தவகிட்டப் போய் — சீ, என்ன பொம்பள நான்!

ஜூன் 19, புதன்

இதை எழுதி வைக்க வேண்டும்.

மதியம் ஒரு அம்மாவுக்கு நீளமான அங்கியின் கீழ்விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே நின்றார். நான் தரையில் முட்டி போட்டு, வாய் நிறையக் குண்டூசியோடு சுற்றிச் சுற்றி வந்தேன். திடீரென்று உள்ளுக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆண்டவரே, நான் அவளைத் துரத்தினேன். உம்முடைய பெயரைச் சொல்லித் துரத்தினேன். இந்த வாயோடு எத்தனை வருஷம் மல்லுக்கட்டினேன் என்று உமக்கே தெரியும். என்னால் ஆகவில்லை. இனிமேல் திருந்துகிறேன் என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளும். எப்படியாவது எடுத்துக்கொள்ளும்.

அப்புறம்தான் உறைத்தது. கேட்க ஆள் இல்லாமல் நான் ஜெபித்து வருஷக்கணக்காகிறது. எப்போதும் பக்கத்தில் ஒரு காது வேண்டும் எனக்கு: இவருடையது, குட்டியுடையது, சபையில் முன்வரிசையில் இருப்பவர்களுடையது. இன்றைக்கு ஆண்டவர் ஒருவர்தான் கேட்டார். கேட்டார் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுகை வந்தது, ஆனால் நெஞ்சு லேசாகிவிட்டது.

அந்த அம்மா குனிந்து, "ஊசி குத்திடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜூன் 20, வியாழன்

குட்டியின் அறைக்குப் போனேன். துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்காரக்கூட இல்லை நான்.

"அன்னிக்கு நான் ஜெபம் பண்ணல. உன்னைப் போன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடு குட்டி."

"தெரியும் அண்ணி. அதான் ஆமென் சொல்லல" என்றாள். கொஞ்சம் விட்டு, "துண்டுக்கெல்லாம் மனசாரத்தான் சொன்னேன். புத்திதான் வரல" என்றாள்.

சிரித்துத் தொலைத்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள்தான் முதலில் அழுதாள். "இது எங்க அண்ணன் வீடுன்னு நெனச்சேன் அண்ணி, பிறர் வீடுன்னு சொல்லிட்டீங்க" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

கிளினிக் பக்கத்து அறைக்கு வருவதாகச் சொன்னதை அவள் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

பழைய குணம் அப்படி உடனே போய்விடுமா? மாலை ஜெபத்தில், "ஆண்டவரே, சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராதவர்களுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். இவர் இன்று தாமதமாக வந்திருந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. அடுத்த வார்த்தை நாக்கில் தயாராக இருந்தும் வரவில்லை. "ஸ்தோத்திரம், ஆமென்" என்று முடித்தேன்.

இவர் கண்ணைத் திறந்து, "என்ன, பாதில பிரேக் போட்டுட்ட?" என்றார்.

"நான் போடலங்க" என்றேன்.

உண்மையிலேயே நான் போடவில்லை. இவரிடம் வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் அடிக்கடி சொல்வார்களாம், "சார், நான் அமுக்கவேயில்ல, வண்டி தானா நின்னுடுச்சு" என்று. பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பதை மறந்துவிட்டுத்தான் இத்தனை வருஷமும் நான் ஓட்டியிருக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

"ஏங்க, லேட்டாகும்னா ஒரு போன் பண்ணுங்க" என்று நேராகச் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்! இதற்கா பரலோகம் வரை சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்?

தைரியம் வந்து குட்டியிடமும் சொன்னேன். "அந்தக் கத்தரி துணிக்கு மட்டும்தான். அட்டை வெட்டினா மழுங்கிடும்." பதறிப்போய்விட்டாள். "ஐயோ, அப்பவே சொல்லக் கூடாதா அண்ணி!"

ஜூன் 29, சனி

குட்டி போய்விட்டாள். இவர் வண்டியில் இரண்டு நடை. மாலை ஜெபத்தில் நாங்கள் இருவர் மட்டும். இவர் பாட்டை ஆரம்பித்தார், இரண்டாவது அடியில் சுருதி போய்விட்டது. பிடித்து நிறுத்துகிறவள் அவள்தான்.

ஜூலை 6, சனி

குட்டியின் புது அறைக்குப் போனோம். மாடியில் ஒற்றை அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஓரமாக அடுப்பு. ஜன்னலுக்குத் திரை நான் தைத்துக்கொண்டு போயிருந்தேன். இவர் கம்பியைக் கோணலாக மாட்டிவிட்டு, சுவர்தான் கோணல் என்றார்.

"அண்ணி, வீட்டு ஜெபம் நீங்கதான் பண்ணணும்" என்றாள் குட்டி.

"உங்க அண்ணன் பண்ணட்டுமே."

"அண்ணன் ஒரே மூச்சுல முடிச்சிடுவார். நீங்க பண்ணுங்க."

மூவரும் கைகோத்து நின்றோம். "அன்புள்ள பிதாவே, இந்த வீட்டுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினேன். அடுத்த வாக்கியம் தொண்டைக்கு வந்துவிட்டது: இவள் சீக்கிரம் எங்களிடமே திரும்பி வரும்படி... நல்ல வார்த்தைதான், அன்பான வார்த்தைதான். ஆனால் யார் காதுக்கு அது?

நிறுத்தினேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். குட்டி தலையைக் குனிந்து, என்ன வரப் போகிறதோ என்று தோளை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"குட்டி" என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "முடிஞ்சுதா அண்ணி?"

"இல்ல. இது உனக்கு. நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. எனக்கு நீ வேணும். வந்துடேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. என் கையை விடவில்லை. "எனக்கு இந்த ரூம் பிடிச்சிருக்கு அண்ணி. கோவத்துல சொல்லல. நெஜமாவே பிடிச்சிருக்கு."

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் குத்திச் சொல்ல ஒரு வார்த்தைகூட உள்ளே எழும்பவில்லை. "சரிடா" என்றேன். மறுபடியும் கண்ணை மூடினேன்.

"பிதாவே, இவளுக்கு இந்த அறை பிடித்திருக்கிறது. எனக்கு அழுகை வருகிறது. இரண்டையும் நீர் பார்த்துக்கொள்ளும்."

இவர் வாயைத் திறப்பதற்குள் குட்டி ஆமென் சொல்லிவிட்டாள். கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கும்.