ஏல்ரோயீ சலவை நிலையம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் நலமா?

தொழிலாளர் அலுவலக அதிகாரி வந்தார். "உங்க கவனக்குறைவுதான்னு முதலாளி எழுதிக் கொடுத்திருக்காரும்மா" என்றார். முதலாளி என்றால் நம் அத்தான்தானே. இந்தக் கெட்ட பேரோடு இனி எந்தச் சலவைக் கடை என்னைச் சேர்த்துக்கொள்ளும்? கை உள்ளே போனால் இஸ்திரி மெஷினை நிறுத்துகிற கம்பியை அத்தான் கழற்றினாரே, அப்போது நீதானே ஸ்குரூக்களைக் கையில் வாங்கினாய்? துணி பட்டாலே மெஷின் நின்றுவிடுகிறது, வேலை ஓடவில்லை என்று அவர் எரிந்து விழுந்தது நினைவிருக்கிறதா? பதினெட்டாம் தேதி விசாரணை. நீ பார்த்ததை ஒரு வரி சொன்னால் போதும்.

உன் சின்னு

மார்ச் 9

என் செல்லச் சின்னுவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். சித்தி எப்போது வருவாள் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். உனக்குப் பிடித்த நீலப் போர்வையை அனுப்பியிருக்கிறேன்.

அவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படியடி வாய் திறப்பேன்? கடையை மூடினால் நாங்கள் நடுத்தெருவில்தான். கடைக்குப் பேர் வைத்தபோது போதகர் அர்த்தம் சொன்னாரே, மறந்துவிட்டாயா? ஏல்ரோயீ என்றால் எபிரெய மொழியில் 'என்னைப் பார்க்கிற கடவுள்'. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் கையில் விட்டுவிடு.

உனக்காகத் தினமும் முழங்காலில் நிற்கும்
அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

போர்வை வந்தது. விசாரணையில் நீ சொன்னதையும் கேட்டேன். இரண்டு நாற்காலி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தேன். "நான் ஒண்ணும் பாக்கலீங்க. அவ எப்பவும் அரட்டை அடிச்சுக்கிட்டேதான் வேலை செய்வா." முதல் வாக்கியம் பயத்தில் வந்தது என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதை உன்னிடம் யாரும் கேட்கவே இல்லையே, அக்கா.

படுத்துக் கிடந்தபோது அந்தப் பேரை வேதத்தில் தேடிப் பார்த்தேன். அதை வைத்தது போதகர் யாருமில்லை, ஓர் அடிமைப்பெண். எஜமானி படுத்திய பாடு தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடினவள். மனுஷர் ஒருத்தரும் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அதனால்தான் கடவுளுக்கு அப்படிப் பேர் வைத்தாள் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கொண்டுபோய் முதலாளி வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறீர்கள். கடவுள் பார்த்தார், சரி. சாட்சி சொல்ல அவரையா கூப்பிட்டார்கள்? உன்னைத்தானே கூப்பிட்டார்கள்.

சின்னு

ஜூன் 2

சின்னு,

இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஏப்ரலிலிருந்து உன் மெஷினில் நான்தான் நிற்கிறேன். கம்பியை இன்னும் மாட்டவில்லை. கேட்டால், "நம்ம மேல தப்பில்லன்னு விசாரணையிலயே ஆயிடுச்சு. இப்ப மாட்டினா என்ன அர்த்தம்?" என்கிறார். நேற்று தலையணை உறையோடு என் விரல் நுனியும் உள்ளே போய் வந்தது. உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்? எனக்காக வேண்டிக்கொள்.

அக்கா

ஜூன் 7

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். கம்பி இல்லாமல் மெஷின் ஓடுகிறது என்று எழுதி, உன் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதே அதிகாரிதான். "உங்க அக்கா வீட்டுல சண்டை வருமேம்மா" என்றார். "வரட்டும் சார். கை இருக்கும்ல" என்றேன்.

வியாழக்கிழமை வருவார்கள். அதற்குள் அத்தான் பயந்து கம்பியை மாட்டினாலும் நல்லதுதான். என் விசாரணையைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டேன். கம்பியை யார், எப்போது கழற்றினார்கள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையாம், அதனால் முடிந்தது முடிந்ததுதான்.

உனக்காக நான் வேண்டிக்கொள்ளவில்லை. இந்த அறையைக் காலி செய்கிறேன், புது விலாசம் உனக்குத் தர மாட்டேன். சித்தி நன்றாக இருக்கிறாள் என்று பிள்ளைகளிடம் சொல். சின்னு என்று என்னைக் கூப்பிட உன்னைத் தவிர உலகத்தில் ஆள் கிடையாது. அதனால் கீழே பேர் போடவில்லை.