செல்வம் என்று கத்திவிட்டேன்

மாசி 9, வெள்ளி இரவு

அத்தை இன்று அக்காவையும் என்னையும் டூரிங் டாக்கீஸுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனாள். பண்ணையார் மகளும் அவர் வயலில் வேலை செய்கிறவனும் சண்டை போடுகிறார்கள், அழுகிறார்கள், மறுபடி சண்டை. கடைசியில் அவன் கோபித்துக்கொண்டு படகில் ஏறினான். அவள் கரையிலேயே நின்றாள், கூப்பிடவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "போவாதீங்க செல்வம் அண்ணே" என்று கத்திவிட்டேன்.

படத்தில் அவன் பெயர் மூர்த்தி. செல்வம், அக்காவுக்குப் பிடித்தவர். அறுவடைக் கூலிக்காக எங்கள் அப்பாவுக்கு எதிரே கொடி பிடிக்கிறவர். அப்பாவுக்குத் தெரிந்தால் அக்காவை அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்.

பெண்கள் பக்கம் மணலில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"எந்தச் செல்வம்டி?"

"எங்க வகுப்புல ஒரு பையன், அத்தை. அவனும் இப்படித்தான் கோச்சுக்குவான்."

"ஒன் வயசுப் பையன் ஒனக்கு என்னடி அண்ணே?"

படம் முடியுமுன்பே இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் சொல்வாளோ என்னவோ.

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். பாயில் என் பக்கம் திரும்பி, "அவன் திரும்பி வந்திருப்பானாடி?" என்று கேட்டாள்.

இரண்டாவது ஆட்டத்தின் குரல்கள் வயல் தாண்டிக் கேட்கின்றன. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். படகுக் கட்டம் முடிந்துவிட்டது. இனி வருவது நாங்கள் பார்க்காதது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், எழுத முடியவில்லை.