ஏழாம் துளையின் கற்கள்

மாசி 17, திங்கள்

காலையில் தூறல். உடுப்பு காயவில்லை. பத்து மணிக்குச் சீனன்குடாவில் எங்கள் புவியியல் திணைக்களத்தின் களஞ்சியம். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். பழைய கற்பெட்டிகளை எண்ணிப் பதிய வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

மூதூருக்குத் தெற்கே செப்புத் தேடித் துளையிட்டபோது எடுத்த கல் உருளைகள். சண்டை தொடங்கியதும் பாதியில் விட்ட வேலை. ஒன்றை நனைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பளிங்குக்குள் பித்தளை நிறக் கோடுகள். ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்புச் சேறு. அந்தச் சேற்றுப் படைகளோடு, அடுக்கடுக்காகப் படிந்த செப்பு. பிறகு பூமிக்குள் வெந்து எல்லாம் பளிங்கு. இத்தனை வருடம் பார்த்தும் அலுக்கவில்லை.

மூடிகளில் என் கையெழுத்து. சுனாமியில் கடல் வந்தபோது இங்கேயும் தண்ணீர். ஒட்டியிருந்த இலக்கங்களும் முடிவுப் பதிவுகளும் போயின. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெட்டிகள் கிடந்த வரிசையைப் பார்த்துக் கறுப்பு மையால் இலக்கம் எழுதினேன். அதை வைத்தே நான் எழுதிய அறிக்கை: செப்புப் படை தெற்கே ஏழாம் துளை (து-7) வரை தொடர்கிறது.

வாங்க: பற்றரி, சீனி, அம்மாவின் பிறஷர் குளிசை.

மாசி 18, செவ்வாய்

வெயில். து-7 பெட்டிகளில் தடித்த உருளைகள், நிறையச் செப்பு. து-4 பெட்டிகளில் மெல்லியவை, செப்பே இல்லை. களஞ்சியத்தில் தப்பிய ஒரே வேலைக் கொப்பியில், து-7க்கு நேரே பென்சிலால் 'மெல்லிய பிட்'. அந்தத் துளைமுனையில் மெல்லிய உருளைதான் வரும். மாற்றி எழுதிவிட்டேனா? அன்றைக்கு இந்த வரியைப் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டேனா? நினைவில்லை.

துளையிட்ட காலத்தில் வேலையாட்களின் போர்மனாக இருந்த செல்லத்துரை அண்ணை திரியாயில் இருக்கிறார். பின்னேரம் தொலைபேசியில் பிடித்தேன். வெங்காயச் செய்கை, முழங்கால் வலி எல்லாம் சொல்லி முடித்த பிறகு கேட்டேன்.

"ஓம் பிள்ளை, ஏழாவதில பெரிய பிட் உடைஞ்சு போச்சு. தொடக்கத்திலயே. மெல்லிசைப் பூட்டித்தான் கடைசி மட்டும் இறக்கினனாங்கள். செப்பு ஒண்டும் வரேல்லை."

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்றேன்.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

மாசி 20, வியாழன்

சாரதி நசீரோடு து-7க்கு. அது இப்போது ரஹீமா என்ற பெண்ணின் வளவு. ஊருக்கெல்லாம் ராத்தா, அக்கா. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் இரும்புக் குழாய். து-7 என்று நான் எழுதிய உருளை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். குழாய் வாயில் வைத்தேன். நுழையவில்லை. திருப்பி வைத்தேன். ஏலாது. இந்தக் கல் இந்தத் துளையிலிருந்து வந்திருக்கவே முடியாது.

ராத்தா பிளேன்ரீ கொண்டு வந்தார். தகரக் கொட்டிலில் குடியிருப்பு. கீழே செப்பு என்று அறிக்கை சொல்வதால் இந்த ஊர் முழுக்கச் சுரங்கத்துக்கான ஒதுக்கு நிலம். காணி உறுதியும் இல்லை, வீடு கட்ட அனுமதியும் இல்லை. கணவர் அனுமதிக்காக நடந்து நடந்தே போன வருடம் மவுத்தாகிவிட்டாராம்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தும் கடிதம் வந்தா எண்டுதான் கேட்டார்."

அறிக்கை என்னுடையது என்று சொல்லாமலே தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். கோழை.

மாசி 21, வெள்ளி

மேலதிகாரியிடம் சொன்னேன். பெட்டிகளை எண்ணத்தானே சொன்னேன் என்றார். பழைய அறிக்கை யார் கண்ணிலும் இல்லையாம். நான் கிளறினால் என் பதவி உயர்வுக்குத்தான் கேடாம். மிரட்டலாக இல்லை, அக்கறையாகவே சொன்னார்.

யார் கண்ணிலும் இல்லையா? ஒரு ஊரே அதற்குக் கீழே இருக்கிறது.

சோற்றைத் தொடாமல் மூடி வைத்தேன். அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டா.

மாசி 24, திங்கள்

கடிதம் கொடுத்தேன். தலைமையகத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று. நாலையும் ஏழையும் மாற்றி எழுதியது நான். செப்பு வடக்கே நாலாம் துளையோடு நிற்கிறது. கொப்பி, இரண்டு உருளை, படங்கள் இணைப்பு. பெயரை முழுதாக எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

பிறகு நேரே ராத்தா வீடு. முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்த அறிக்கை எழுதினது நான்தான், ராத்தா. பிழையா எழுதிட்டன். இஞ்ச கீழ செப்பு இல்லை."

இலை உருவும் கை நிற்கவில்லை. ஒரு கொத்து முடிந்ததும்:

"அவர் இருக்கக்குள்ள வந்திருக்கலாமே, மிஸ்."

அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு மட்டும் சொன்னாப் போதாது. வெள்ளிக்கிழம ஊர்க் கூட்டம். எல்லாருக்கும் முன்னால நிண்டு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

மாசி 27, வியாழன்

தலைமையகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். பதவி உயர்வு நேர்முகம் பிற்போடப்பட்டது. வேறொருவரை அனுப்பி உருளைகளை அளக்கிறார்களாம். அளக்கட்டும். நல்லது.

மாசி 28, வெள்ளி

நல்ல வெயில். ஜும்மா முடிந்து வாசிகசாலை முற்றத்தில் கூட்டம். பிரதேச செயலக உத்தியோகத்தர் முதலில் பேசினார்: அளவு சரிவந்தால் ஒதுக்கு நீங்கும், விண்ணப்பங்களை இன்றே எடுக்கிறார்களாம்.

பிறகு நான். எழுதி வைத்திருந்ததை வாசிக்க முடியவில்லை. வாயால் சொன்னேன். கடைசியில் வயதான ஒருவர், எங்களுக்குப் போன காலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல.

அப்படியே நின்றேன். இருப்பதா போவதா தெரியவில்லை. பெண்கள் பக்கமிருந்து ரஹீமா ராத்தா எழுந்து, என் முகத்தைப் பார்க்காமலே ஒரு கதிரையை இழுத்து வந்து எனக்குப் பின்னால் வைத்தார்.