அரளிப் பூச்சிக்குக் கம்பிப் பாகு

8.8.71, ஞாயிறு

புழுக்கம். கிழக்கே மேகம் கட்டுகிறது, கலைகிறது, மறுபடி கட்டுகிறது.

ஆத்தா கடைக்குப் போய் குரோஷாப் பின்னல் ஊசி இரண்டும் நூல்கண்டும் வாங்கி வந்தாள். வெள்ளை, ரோஸ். என் மேஜையில், ஸ்லைடு பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளே சமையற்கட்டிலிருந்து சொன்னாள்.

மானகிரி ஆச்சியிடம் (வரப்போகும் மாமியார், இனி மா.ஆ.) பெண்ணுக்குக் கைவேலை எல்லாம் அத்துபடி என்று சொல்லியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாமான் பரப்புகிறபோது கைவேலைக்கென்று தனியாக ஒரு பாய் உண்டு. அதில் வைக்க வேண்டியதற்கெல்லாம் ஏற்பாடாகிவிட்டது. டவுனில் ஒரு அம்மா கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுக்கிறாளாம். அன்னம், கிளி, மேஜை விரிப்பு.

அப்புறம் இந்த ஊசி?

“நாலு பேரு வாரப்ப சும்மா கையில வச்சுரு. அம்புட்டுத்தான்.”

சாப்பிடும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. நான் வேலையை விட்டுவிட்டதாகவும் மா.ஆ.விடம் சொல்லியிருக்கிறாள்.

நான் விடவில்லை. விடுவதாக யாரிடமும் சொல்லவும் இல்லை.

10.8.71

கல்லூரி. முதல் வருஷ பிராக்டிகல். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள். ஒரு பெண் அழுதாள், மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு அவள்தான் நன்றாக அறுத்தாள்.

பிரின்சிபால் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வருவீர்களா, மாட்டீர்களா? கல்யாணத்துக்கு முன் லீவு விண்ணப்பமோ ராஜினாமாவோ ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். டெமான்ஸ்ட்ரேட்டர் இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறார்கள். கோபமில்லாமல்தான் சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளையைப் பார்த்தது ஒரே முறை. புதுவயலில் அவர்களுக்கு அரிசி மில். என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்டார். விலங்கியல் என்றேன். தவளையெல்லாம் அறுப்பீங்களா? ஆமாம். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்குப் போகலாமா என்று அவரிடம் கேட்க வழியில்லை.

14.8.71

லாபில் கூட்டுப்புழு வெடித்திருந்தது. ஜூலையில் கல்லூரி அரளிச் செடியிலிருந்து எடுத்து ஜாடியில் வளர்த்தது. ஓலியாண்டர் ஹாக் மாத் என்று புத்தகத்தில். தமிழில் பெயர் தெரியவில்லை. அரளிப் பூச்சி என்று நானே வைத்துக்கொண்டேன். பச்சைக்குள் பச்சை, நடுவில் மங்கலான ரோஸ் கோடுகள். இறகு விரியும் வரை நின்று பார்த்தேன். ஈரமாக, கசங்கி, உதவாதது போல் இருந்தது, மெல்ல நிமிர்ந்தது.

இதைப் பின்னலாம் என்று தோன்றியது. அந்தப் பாயில் ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும்.

வாங்க: பச்சை நூல் இருண்டது, வெளிர் பச்சை. ரோஸ் இருக்கிறது. கண்ணுக்குக் கறுப்பு மணி. மீசைக்கு மெல்லிய கம்பி.

15.8.71

நூர்ஜஹான் வீட்டுக்குப் போனேன். கெமிஸ்ட்ரியில் டெமான்ஸ்ட்ரேட்டர், என் வயது, அவளுக்குக் குரோஷா தெரியும். அவள் மாப்பிள்ளை சிங்கப்பூரில், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார். மீதி நாளெல்லாம் பின்னுகிறேன் என்று சிரிக்கிறாள்.

சங்கிலி போடக் கற்றுக்கொண்டேன். என் முதல் சங்கிலியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தவளைக் குடல் மாதிரி இருக்கு. உனக்குப் பழக்கமானதுதான வரும்,” என்றாள்.

பிறகு சரியாக வந்தது. ஒன்று கவனித்தேன். ஊசியில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான். பின்னி முடித்ததெல்லாம் கீழே நிற்பது அந்த ஒன்றை நம்பி. அதை விட்டு நூலை இழுத்தால் கடைசி வரை அவிழ்ந்துவிடும். வீட்டில் எல்லோரும் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருப்பதை நினைத்தேன்.

17.8.71

மழை. பூச்சியின் உடம்பு முடிந்தது. நடுவில் பருத்து, வால் பக்கம் ஒடுங்கி. சரியான உருவம். கிழிந்த தலையணையிலிருந்து இலவம்பஞ்சு எடுத்து அடைத்தேன். பஞ்சு ஒவ்வொரு கண்ணி வழியாகவும் வெளியே வந்தது. பூச்சிக்கு நரை. பெற்ற அப்பச்சியே பேப்பரை விலக்கிப் பார்த்து, இதென்ன எலிக்குஞ்சா என்றார்.

பழைய உள்பாவாடைத் துணியில் சின்னப் பை தைத்து, பஞ்சை அதில் அடைத்து, அதை உள்ளே திணித்தேன். நரை நின்றது.

20.8.71, வெள்ளி

ஆத்தா பார்த்துவிட்டாள். மேல் இறகுகள் இரண்டும் தனித்தனியே மேஜையில் கிடந்தன.

வண்ணத்துப்பூச்சியா என்று கேட்டாள். இல்லை, அந்துப்பூச்சி இனம், அரளியில் வளர்வது என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அரளி என்ற சொல்லையே இந்த வீட்டில் மெதுவாகத்தான் சொல்வார்கள். எதிர்வீட்டில் ஒரு பெண் அதன் விதையை அரைத்தது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

“கல்யாணத்துக்கு வைக்கிற சாமானாடி இது?”

“அது அரளியத் தின்னும். ஒண்ணும் ஆகாது. நல்லா வளரும்.”

ஆத்தா இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை நல்ல நிறம்தான் என்றாள். யாரும் கேட்டால் வண்ணத்துப்பூச்சி என்று சொல் என்றாள். போகிறபோது, கீழ் இறகுக்கு ரோஸ் கூடப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றாள்.

போட்டேன். எடுப்பாகத்தான் இருந்தது.

24.8.71

இறகுகளைச் சேர்த்தாகிவிட்டது. நிற்கவில்லை. நனைந்த கோழி போல் தொங்குகின்றன. கஞ்சி போட்டுப் பார்த்தேன், வெயிலில் சரி, சாயங்காலம் ஈரக்காற்றில் பழையபடி.

நூர் சொன்னாள்: இங்கிலீஷ் பத்திரிகையில் சர்க்கரைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லியிருக்கிறது, காய்ந்தால் கண்ணாடி மாதிரி நிற்குமாம். எவ்வளவு சர்க்கரை என்பது அந்தப் பக்கத்தோடு கிழிந்து போயிருக்கிறது. கெமிஸ்ட்ரிக்காரி என்பதால் தோராயமாக ஒரு விகிதம் சொன்னாள்.

ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். பிறகு அதே தாளில் இறகு நரம்புகளை வரைந்தேன்.

26.8.71

நூரின் விகிதம் பிசுபிசுத்தது. பூச்சியை எடுத்தால் விரலும் சேர்ந்து வந்தது.

ஆத்தா வந்து எட்டிப் பார்த்தாள். இது பாகா, பானகமா என்று கேட்டு, என்னை அடுப்பிலிருந்து நகரச் சொல்லி, வேறு சர்க்கரை போட்டு அவளே காய்ச்சினாள். கம்பிப் பதம். விரலுக்கும் விரலுக்கும் நடுவே இழுத்து, ஒரு கம்பி நிற்கிறதா என்று மூன்று முறை பார்த்தாள். பலகாரத்துக்குக் காய்ச்சும்போது உள்ள அதே முகம். பூச்சியின் இறகை ஜாங்கிரி போல் முக்கி எடுத்தாள். இருவரும் சேர்ந்து பலகையில் விரித்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்தினோம்.

நெடுநாளைக்குப் பிறகு அவளோடு சண்டையில்லாமல் ஒரு மணி நேரம். வேலை விஷயத்தை அப்போது பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

28.8.71

நிற்கிறது. பறக்கப் போவது போல நிற்கிறது.

பலகார அறையில் எறும்பு ஏறாமலிருக்க, தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பூச்சியை வைத்திருக்கிறாள் ஆத்தா. ஒரு பக்கம் சீப்புச் சீடை, மறு பக்கம் மாவுருண்டை. நடுவில் அரளிப் பூச்சி.

29.8.71

அன்னங்கள் வந்தன. ஜோடி. கிளிகள், விரிப்பு, டெலிபோனுக்கு ஒரு உறை. மானகிரி வீட்டில் டெலிபோன் இருக்கிறதா என்று தெரியவில்லை. எல்லாம் நேர்த்தி. என் பூச்சியின் இடது இறகு வலதைவிடக் கொஞ்சம் பெரிது. அப்பச்சி அழகான கையெழுத்தில் அட்டை எழுதினார்: மணமகள் கைவேலை. வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

1.9.71, புதன்

நாளெல்லாம் கூட்டம். இப்போது சாயங்காலம், மாடி அறை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

விடிந்ததும் வளவு முழுக்க, முற்றத்தைச் சுற்றி, சாமான் பரப்பினார்கள். பித்தளை ஒரு பக்கம், எவர்சில்வர் ஒரு பக்கம், மங்குச் சாமான் (எனாமல்), பாய், தடுக்கு, ஓலைக் கொட்டான். ஓரத்தில் கைவேலைப் பாய். பூச்சியைக் கிண்ணத்திலிருந்து எடுத்துப் பாயில் வைத்தது நான்தான். தண்ணீர்த் தட்டு எதற்கு இருந்தது என்பது என் நினைவிலும் இல்லை, ஆத்தா நினைவிலும் இல்லை.

பதினோரு மணிக்கு மா.ஆ. வந்தார்கள், கூட நாலைந்து பெண்கள். உயரம், கண்ணாடி, பேச்சு குறைவு. பாத்திரங்களைச் சுற்றி வந்து கைவேலைப் பாய்க்கு வந்தார்கள். அன்னத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். கிளியையும்.

பிறகு எறும்பு. தூணடியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு. விரிப்பின் ஓரமாக வந்து, அன்னங்களுக்கு நடுவே புகுந்து, ஒன்றையும் தொடாமல், நேரே என் பூச்சிக்கு. இறகு முழுக்க எறும்பு. பச்சையே தெரியவில்லை.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆத்தா முந்தானையோடு ஓடி வந்தாள். மா.ஆ. கையை நீட்டி அவளைத் தடுத்தார்கள்.

“இருங்க ஆச்சி.”

குனிந்து, எறும்பை ஒதுக்கி ஒரு விரலால் இறகைத் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்தார்கள்.

“கம்பிப் பதம். யாரு காச்சினீக?”

“நாந்தான்,” என்றாள் ஆத்தா.

“பூச்சி?”

நான் என்றேன்.

“அன்னத்துல எறும்பக் காணமே. அதுக்குப் பாகு போடலையா?”

ஆத்தா என்னைப் பார்த்தாள். இப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை. நான் அட்டையைப் பார்த்தேன், அப்பச்சியின் கையெழுத்தை.

“அன்னம் நான் செய்யலை. கிளியும் இல்லை. பூச்சி மட்டுந்தான்.”

மா.ஆ. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்கள். “அப்ப உங்க ஆத்தா சொன்னதுல எதுதான் நெசம்?” கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். அதனால்தான் சொல்ல முடிந்தது.

“வேலையை விட்டுட்டேன்னு சொன்னதும் நெசமில்லை. விடலை. விட மனசில்லை.”

எங்கோ ஒரு மங்குத் தட்டு இன்னொன்றின் மேல் உராய்ந்தது.

காலேஜில் என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். அரளிச் செடிப் புழுவை எடுத்து வளர்ப்பதையும் சொன்னேன், கல்யாண வீடு என்று பாராமல். அது செத்துப் போகாதா என்றார்கள். போகாது, இப்படி ஆகும் என்று பாயைக் காட்டினேன்.

மா.ஆ. பூச்சியைத் தூக்கி, ஊதி, தட்டி, எறும்புகளை உதிர்த்தார்கள். சில அவர்கள் கையில் ஏறின, கண்டுகொள்ளவில்லை. இறகுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள்.

“எடது பெருசா இருக்கு.”

“ஆமா.”

“மானகிரியிலேருந்து எட்டு மணிக்கு ஒரு பஸ்ஸு. அத விட்டா பத்துக்குத்தான்.”

ஆத்தா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஏதோ நன்றி சொல்லத் தொடங்கினாள். மா.ஆ. திரும்பி, “நான் சரின்னு சொல்லலை ஆச்சி. பஸ்ஸு இருக்குன்னுதான் சொன்னேன். வீட்டுல கேக்கணும்,” என்றார்கள். பிறகு எவர்சில்வர் பக்கம் போய்விட்டார்கள்.

ஆத்தா இதுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் சற்றுமுன் பலகார அறையில் பார்த்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் கிண்ணம், அதன் மேல் பூச்சி.

அட்டையில் ‘கைவேலை’ என்பதற்குப் பின்னால் அப்பச்சி ‘ஒன்று’ என்று சேர்த்திருக்கிறார்.

வீட்டில் கேட்க வேண்டும் என்றால் யாரிடம்? மாப்பிள்ளையிடமா? இன்று ராத்திரி மானகிரியில் என்னைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் நான் இருக்க மாட்டேன்.

2.9.71, வியாழன்

விடிகாலை. இரவு மழை பெய்து முற்றமெல்லாம் ஈரம். நாயனக்காரர்கள் வந்துவிட்டார்கள், காபி கேட்கிறார்கள். தலையில் எண்ணெயோடு எழுதுகிறேன். அறைக்கு வெளியே நூர் நிற்கிறாள், என் தாளை வாங்கிப் பிரின்சிபாலிடம் கொடுக்க. ராஜினாமாவா, லீவா என்று ஜன்னல் வழியாக ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

மானகிரியிலிருந்து பூ கொண்டுவந்த கணக்குப்பிள்ளை ஆத்தாவிடம் சொன்னது மாடி வரை கேட்டது. பச்சைப் பூச்சியை மற்ற சாமானோடு கட்டிவிட வேண்டாமாம், தண்ணித் தட்டோடு பெண் கையிலேயே வர வேண்டுமாம், ஆச்சி சொல்லச் சொன்னார்களாம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு:

“மாப்பிள்ளைத் தம்பியும் ஒண்ணு சொல்லச் சொன்னாக. பூச்சி வரட்டுமாம், புழுவும் வரட்டுமாம். தவளை மட்டும் வீட்டுக்கு வேண்டாம், காலேஜோட இருக்கட்டும்னாக.”

காலேஜோட.

ஆத்தா சிரித்தாளா, அழுதாளா, இங்கிருந்து தெரியவில்லை. எண்ணெய்க் கை. தாளில் கறை பட்டுவிட்டது. லீவு, ஒரு வாரம். திரும்பச் சேரும் நாள்: 9.9.71