வெற்று அடைப்புக்குறி

அக்டோபர் 1, செவ்வாய்

சுமானி சார் இன்று நிரல் பயிற்சியில் ‘அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்’ என்கிற வெறும் வரைவு எப்படிப்பட்டது என்று விளக்கினார். “நம்ம ஊர் தமாலே வண்டி நிலையத்துல போய் ‘ஒரு வண்டி குடு’ன்னா சிரிப்பான். லாரியா, மூணு சக்கரமா? வெறும் ‘வண்டி’ன்னு எதுவும் ஓடாது.” இன்டர்ஃபேஸ் என்பது நிரலுக்கான ஒப்பந்தம், அதைவிடக் கறார். கையெழுத்துப் போட்டால், சொன்ன வேலை அத்தனையும் செய்தாக வேண்டும்.

புரிந்தது. ஆனாலும் பிழை என்று திரையில் சிவப்புக் கோடு விழுந்தாலே துள்ளிவிடுகிறேன். பயிற்சியில் என் ஜோடியான நபாரி கேலி செய்கிறான்: “என்ன வுன்பினி, பாம்பைப் பாத்த மாதிரி குதிக்கிற!”

அக்டோபர் 3, வியாழன்

கிராமத்து மருத்துவமனையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கு நிரல். இன்டர்ஃபேஸ் கேட்பது இரண்டு: வெப்பத்தை அளக்கணும், கூடினால் நர்சுக்குப் போன் போடணும். அளப்பது என் பங்கு, முடித்தேன். போன் நபாரியின் பங்கு. அவன் பைக் பஞ்சர் என்று போய்விட்டான். போன் வேலை எங்கே என்று சிவப்புக் கோடு என்னையே முறைத்தது. அந்த வேலையின் பெயரை மட்டும் எழுதி, கீழே வெற்று அடைப்புக்குறி போட்டேன். உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் வேலை எழுதியாச்சு என்று கணினி நம்பிவிட்டது, சிவப்பு போய்விட்டது. இங்கே எல்லோரும் செய்வதுதான். நாளை அவன் நிரப்பிவிடுவான்.

அக்டோபர் 7, திங்கள்

எங்கள் நிரலையே சார் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை மருத்துவமனையில் பொருத்திவிட்டாராம்! வெப்பநிலை சரியாகக் காட்டியதாம். நபாரி எல்லோருக்கும் அரிசியும் பயறும் கலந்த வாச்சே சோறு வாங்கித் தந்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

சும்மா கேட்டேன்: “போன் போடுறதை எப்படி எழுதுன?”

“நானா? நீ எழுதிட்டேன்னு நெனச்சேன். ஒரு சிவப்புகூட இல்லையே!”

ஐயோ.

அக்டோபர் 9, புதன்

இன்று கரண்ட் இரண்டு முறை போனது. ஒவ்வொரு முறையும் என் உயிரும் போனது. அங்கே மருந்து கெட்டால் யாருக்குத் தெரியும்? கெட்டதையே குழந்தைகளுக்குப் போடுவார்கள். சிவப்புக் கோடு கத்தத்தான் செய்தது, நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

நபாரி சொல்கிறான்: “மூச்சு விடாத. அடுத்த மாசம் நைசா சேத்துடலாம்.” அடுத்த மாசமா? ஆனால் சொன்னால்? ஒப்படைத்த வேலையில் வெற்று அடைப்புக்குறி இருந்தால் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே சொன்னவர் சார். போனமுறை ஒருவனை அனுப்பியும் இருக்கிறார். பயமாயிருக்கு. ரொம்பப் பயமாயிருக்கு.

அக்டோபர் 10, வியாழன்

சொல்லிவிட்டேன். சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“உக்காரு. எழுது.”

தட்டத் தொடங்கினேன். பின்னால் யாரோ வந்து நின்றார்கள். நபாரி. “அது என் பங்கு சார். நான் எழுதுறேன்.” சேர்ந்து எழுதினோம். சார் தன் போனுக்கு மணி அடிக்கவைத்துச் சோதித்தார், மருத்துவமனைக்கு அனுப்பினார். பிறகு, “லேப்டாப்பை வெச்சுட்டுப் போங்க, ரெண்டு பேரும்.”

அவ்வளவுதான் போல. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. போனேன். மதியம் சாரின் போன் அடித்தது. மருத்துவமனை நர்ஸ் மெமுனா. ஸ்பீக்கர் போடாமலே அந்த வேலையை அவர் தொண்டை செய்தது.

“யாருய்யா இதை எழுதுனது? ஜும்மா தொழுகைக்கு நடுவுல என் போன் ஊளையிடுது! இமாமே திரும்பிப் பாக்குறாரு, என் மானமே போச்சு! ஓடிப்போய்ப் பாத்தா கரண்ட் இல்ல, ஜெனரேட்டரும் போடல. மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாத்திட்டேன். இதுக்கு வேற சத்தமே கிடையாதா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் அலமாரியைத் திறந்து என் லேப்டாப்பை எடுத்து நீட்டினார்.

“கேக்குறாங்கல்ல? சத்தத்தை மாத்து.”