கேரியரில் சுற்றிய வெள்ளை நூல்

பயாவ்
14 ஜூன் 1995

அன்புள்ள போங்சானின் அப்பாவுக்கு,

நேற்றுப் பௌர்ணமி விருந்துக்குக் கோயில் கூடத்தில் இருந்தவர்கள்: தலைமைத் துறவி, நர்ஸ் யுபின், எங்கள் பெண்கள் குழுவில் பன்னிரண்டு பேர், எய்ட்ஸில் இறந்த உங்கள் படகுக் கூட்டாளியின் மனைவி சோம்ஜித், நான். சாப்பாட்டுக் கேரியர் பதினான்கு.

"தைரியமா சாப்பிடுங்கம்மா, சோத்துல எல்லாம் எய்ட்ஸ் வராது" என்று நர்ஸ் தொண்டை வற்றக் கத்தினாள். எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் போன மாத விருந்திலேயே சோம்ஜித்தின் கேரியர் பிடியில், துறவி மந்திரித்த வெள்ளை நூலைச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டோம். சுற்றியது நான்தான். புத்தர் பொறுக்கட்டும்.

நேற்று அதே மாதிரி நூல் என் கேரியரில் இருந்தது. என் மூங்கில் குருத்துக் குழம்பை ஒருவரும் தொடவில்லை. "புத்தாண்டுக்கு உன் வீட்டுக்காரரு ஏன் வரல?" என்று கேட்டு ஒருத்தி சிரித்தாள்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் வரவில்லை?

உங்கள்
புவாகம்


ரனோங் துறைமுகம்
2 ஜூலை 1995

அன்புள்ள புவாகம்,

ஊர்ப் பெண்களுக்கு வேறு வேலை இல்லை. எனக்கு வந்தது மலேரியா, அவ்வளவுதான். கொஞ்சம் இளைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வருகிறேன். தனித் தட்டும் தனிப் பாயும் எடுத்து வை. மகள் போங்சானை என் பக்கத்தில் விடாதே. சோம்ஜித்தோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே.

தோங்சுக்


பயாவ்
13 ஜூலை 1995

போங்சானின் அப்பாவுக்கு,

மலேரியாவுக்குத் தனித் தட்டு எதற்கு?

இதே கேள்வியோடுதான் நேற்று விருந்தில் சோம்ஜித்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சோற்றை உருட்டி வாயில் போட்டேன்.

"என்னக்கா, இன்னிக்குத்தான் என் சோறு ருசிக்குதா?"

"நூலு சுத்தினது நான்தான். மன்னிச்சிரு."

"தெரியும். உன் கேரியர்ல சுத்தினது நான். எப்படி இருக்கும்னு நீயும் பாருன்னுதான். ஆனா சாகறதுக்கு முன்னாடி அவரு சொன்னாருக்கா, படகு கரைக்கு வந்தா உன் புருஷனும் கூடத்தான் அந்த வீடுகளுக்குப் போவாராம். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல."

இனி யார் கேரியரிலும் நூல் சுற்றக் கூடாது என்று எழுந்து நின்று சொன்னேன். ஏழு பேர் எங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை.

நர்ஸ் என் ரத்தத்தை எடுத்திருக்கிறாள். பத்து நாளில் முடிவு தெரியும். மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

தனித் தட்டு எடுத்து வைக்கமாட்டேன். நோயோடு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவேன். பொய்யோடு வந்தால் படியேற விடமாட்டேன்.

ரத்தம் சோதித்தீர்களா? எப்போது? முடிவு என்ன? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

புவாகம்