வால்பாறைக்கு அனுப்பிய ராணி

கணபதி, கோவை
3.6.2025

அன்புள்ள புவனா அம்மணிக்கு,

நானும் மோட்டார் கடையும் நலம். நீயும் உன் பள்ளிக்கூடமும் அங்கே பெய்கிற மழையும் நலந்தானே? போனில் பிளாக் செய்துவிட்டு, "பேசோணும்னா கடுதாசியில செஸ் ஆடுங்க" என்று புருஷனிடம் சொன்னவள் இந்த ஜில்லாவில் நீ ஒருத்திதான்.

பந்தயம் நினைவிருக்கட்டும். நான் ஜெயித்தால் நீ தலைமையாசிரியை வேலையை விட்டு இறங்கி வர வேண்டும். நீ ஜெயித்தால் நான் வால்பாறைக்குக் குடிவர வேண்டும். சமன் ஆனால் இப்படியே ஆளுக்கொரு ஊர்.

பத்துக் கடிதமாகப் பார்க்கிறேன். காரோ-கான் தடுப்பு என்று ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு சந்துகூட விடமாட்டேன் என்கிறாய். ராஜாவையும் காஸ்லிங் செய்து மூலையில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டாய். இது ஆட்டமா, பேங்க் லாக்கரா?

இப்போது என் மந்திரி டி-3க்கு வருகிறது. தபாலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை, அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ எதை நகர்த்தினாலும் சரி, என் ராணி ஹெச்-5க்குப் போகும்; கடுதாசியில் எழுதினது எழுதினதுதான், மாற்றமில்லை. பெட்டியைக் கட்டி வை.

உன் தீபக்

வால்பாறை
9.6.2025

மதிப்பிற்குரிய தீபக் அவர்களுக்கு,

நலம். என் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, ஜி-6இல் வைத்திருக்கிறேன். பலகையைப் பாருங்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த கட்டத்தில் ராணி வந்து நின்றால் அந்தச் சிப்பாய் அதை வெட்டும்.

நான் எதைச் செய்தாலும் உங்கள் பதில் தயார், அப்படித்தானுங்களே? இந்தப் பதவி உயர்வு வந்த அன்றைக்கும் கல்வி அலுவலகத்தில் நான் வாயைத் திறக்கும் முன், "அவ மலைக்கெல்லாம் போவமாட்டாளுங்க" என்று சொல்லிப்போட்டீர்கள். பத்து வருஷம் உழைத்து வாங்கியது. அந்த மேஜைக்கு முன்னால் எனக்கு அழுகை வந்தது, நீங்கள் கவனிக்கவில்லை.

உங்கள் அவசரத்தை வைத்து ஜெயிக்க எனக்கு மனசில்லை. ராணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சமனாகட்டும்.

இப்படிக்கு,
புவனேஸ்வரி, தலைமையாசிரியை

கணபதி
14.6.2025

அன்புள்ள புவனா,

பலகைக்கு முன்னால் அரை மணி நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி மிதுன் எனக்கு உடம்புக்கு என்னவோ என்று சோடா வாங்கிவந்தான்.

நீ அழுதது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். உன்னைக் கேட்காமல் உனக்காகப் பேசியது தப்பு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ராணியைத் திருப்பி எடுக்கமாட்டேன். ஹெச்-5இல்தான் நிற்கிறது, வெட்டிக்கொள்; ஆட்டத்தில் ஜெயித்தது நீதான். எனக்குச் சமன் வேண்டாம் சாமி. தனியாகச் சோறு தின்று அலுத்துப்போச்சு. கடையை மிதுன் பார்த்துக்கொள்வான். அங்கே எஸ்டேட்டில் காயில் கம்பி எரிந்துபோன மோட்டார் நாலாவது இருக்காதா?

பெட்டியில் துணி அடுக்கியாயிற்று. ஆனால் கிளம்பவில்லை. நான் வரட்டுமா? நீ சொல்லும்வரை காத்திருக்கிறேன்.

தீபக்

வால்பாறை
19.6.2025

அன்புள்ளவருக்கு,

ஐந்து நாள் நிஜமாகவே காத்திருந்தீர்களா? நம்பமுடியவில்லை, அதனால் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்க, நாற்பது வளைவு. வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். ஸ்வெட்டரை மறந்துபோட்டு வந்து என் சால்வையைப் பிடுங்கக் கூடாது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாரே மூன்று வாரமாக ஓடவில்லை, முதல் வேலை அதுதான்.

ராணியை வெட்டிவிட்டேன். வாங்க.

உங்கள்
புவனா